மலைநாட்டில் யுனிவர்சல் கரியர்: அறிகுறி பார்த்துக் குறை தேடும் வழி

கொழும்பில் ஒழுங்காக ஓடிய வண்டி, ஹட்டனுக்கு ஏற்றி வந்ததும் புகைகிறது, கொதிக்கிறது, பாதி ஏற்றத்தில் நின்றுவிடுகிறது. உரிமையாளர் அன்றிரவே கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் எழுதி உதிரிப்பாகங்களுக்கு விலை கேட்கத் தொடங்கிவிடுகிறார். கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பழைய இராணுவ வண்டி மலையில் காட்டும் கோளாறுகளில் பாதி, மலையின் வேலை. எது வண்டியுடையது, எது மலையுடையது என்று பிரித்துவிட்டால் வாங்கவேண்டிய சாமான் பட்டியல் தானாகச் சுருங்கும்.

பிரென் கரியர் என்ற பெயரில் பலருக்கும் பழக்கமான இந்தச் செயின் வண்டி 1934 முதல் 1960 வரை ஒரு இலட்சத்துக்கும் மேல் கட்டப்பட்டது. பிரிட்டன், கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து என்று பல நாடுகளில் தயாரிக்கப்பட்டது. நடுவில் ஃபோர்ட் வி8 எஞ்சின், வால்வுகள் தலையில் இல்லாமல் பிளாக்கிலேயே இருக்கும் தட்டைத்தலை வகை, 3.6 லீட்டர், 85 குதிரைவலு. பின்புறம் பல்சக்கரம் செயினை இழுக்கிறது. எடை நான்கு தொன்னுக்குச் சற்றே குறைவு. இந்த எஞ்சினைப் பழைய ஃபோர்ட் லொறியில் பார்த்த கை இன்னும் நம் ஊர் கராஜ்களில் இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் ரோலருக்கும் பழைய எஞ்சினுக்கும் வேலை பார்த்த பிட்டர் ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. அளவு புத்தகத்தில் இல்லாத இடத்தில் விரலால் தடவித் தேய்மானம் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.

ஒரே ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பொறிக்கு மின்னழுத்தம் ஏற்றும் கொயிலையும் பெற்றோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரையும் சேர்த்து மாற்றி வண்டி ஓடிவிட்டால், எது குற்றவாளி என்பது கடைசிவரை தெரியாது.

காலையில் ஸ்டார்ட் ஆகாது, பத்து மணிக்கு மேல் ஆகும்

பனிமூட்டம்தான் காரணம் என்று தொண்ணூறு பங்கு சொல்லிவிடலாம். பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் இந்த எஞ்சினில் முன்பக்கத்தில் தாழ்வாக, கேம் தண்டின் நுனியிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. தண்ணீர்ப் பம்புகளுக்கு அருகில், ஈரம் தேங்குவதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. மூடியைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். முனைகளுக்கிடையே பென்சிலால் கிழித்தது போல மெல்லிய கறுப்புக் கோடு ஓடியிருந்தால் மின்சாரம் அந்த வழியே கசிந்திருக்கிறது. மூடியைத் துடைத்து மாட்டிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். கோடு இல்லையென்றால் உலர்ந்த துணியும் ஒரு மணி நேர வெயிலும் போதும்.

பிளக் வயர்கள் பருத்தி நூல் பின்னிய பழைய வகையாக இருந்தால் அவையும் ஈரம் குடிக்கும். பார்வைக்கு அழகு, அசலும்கூட. ஆனால் மலைநாட்டில் உள்ளே நவீன வயரும் வெளியே நூல் உறையுமாகச் செய்துகொள்வதே புத்தி. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தைத் திறந்து மூடும் பொயிண்டின் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம், ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள், கண்மதிப்பு வேண்டாம். தீப்பொறி வரிசை 1-5-4-8-6-3-7-2. வலப்பக்க வரிசை முன்னிருந்து 1 முதல் 4, இடப்பக்கம் 5 முதல் 8. இக்காலத்து வி8 வரிசையைப் பழக்கதோஷத்தில் போட்டுவிட்டு எஞ்சினைக் குறைசொல்பவர்கள் உண்டு. பெட்டரி பூட்டும்போது எந்த முனை உடலில் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அக்காலத்து ஃபோர்ட் பலவற்றில் நேர்முனையே உடலுக்குப் போகும்.

சூடானதும் நிற்கிறது, ஆறியதும் ஓடுகிறது

கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் நோக்கிய ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி நன்றாக ஏறுகிறது, திடீரென்று தும்முகிறது, நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. இதற்கு மூன்று சந்தேகத்துக்குரியவர்கள்: பெற்றோல் ஆவி, கண்டென்சர் (பொயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் சிறு உறுப்பு), கொயில். பிரிப்பதற்கு ஒரே வழி, நின்ற அந்த நிமிடத்திலேயே சோதிப்பது. கராஜுக்கு இழுத்து வந்து ஆறிய பிறகு சோதித்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும்.

நின்றவுடன் ஒரு பிளக் வயரைக் கழற்றித் தீப்பொறிச் சோதனைக் கருவியில் மாட்டி எஞ்சினைச் சுழற்றுங்கள். கார்பரேட்டர் பக்கம் பெற்றோல் கசிந்திருக்கக் கூடாது. அப்படி இருந்தால் முதலில் துடைத்து, காற்றாட விட்டு, பிறகு சோதனை. நீலப் பொறி சடசடவென்று வந்தால் மின்சாரம் நிரபராதி. மஞ்சளாகவோ, விட்டுவிட்டோ வந்தால் கண்டென்சரையும் கொயிலையும் பிடியுங்கள். முதலில் கண்டென்சர், ஏனென்றால் அது மலிவு.

இந்த இடத்தில் அசல் பாகம் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 1943ஆம் ஆண்டுப் பெட்டியில் மெழுகுத்தாளில் சுற்றிய கண்டென்சர் கிடைத்தது என்று மகிழ்ச்சியோடு கொண்டுவருவார்கள். அசல்தான், சந்தேகமில்லை. ஆனால் உள்ளே இருக்கும் காப்புக் காகிதம் எண்பது ஆண்டு கிழடு. சூடு பட்டதும் கைவிடும். பழைய உறையை வைத்துக்கொண்டு உள்ளே புதியதைப் பொருத்துங்கள். எண்ணெய்ச் சீல், ரப்பர்க் குழாய், பம்பின் சவ்வு எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. இரும்பு அசலாக இருக்கட்டும். ரப்பரும் காகிதமும் அசலாக இருந்தால் அது குறை.

பொறி நன்றாக இருந்தால் பெற்றோல் பக்கம் திரும்புங்கள். இந்த எஞ்சினில் பெற்றோல் பம்ப் மேலே, உள்ளிழுக்கும் மெனிஃபோல்டின் பின்பக்கத்தில், எஞ்சின் சூடு முழுவதையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உயரம் கூடக்கூடப் பெற்றோல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். குழாயில் ஆவி நிறைந்தால் பம்ப் வெறும் காற்றைத்தான் தள்ளும். ஈரச் சாக்கு ஒன்றைப் பம்பின் மேல் போட்டுச் சில நிமிடம் பொறுங்கள். உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டால் ஆவிதான் என்று உறுதி.

ஆவி என்று தெரிந்ததும் மின்சாரப் பம்ப் பூட்டச் சொல்லி யோசனை வரும். அதற்குமுன் இரண்டு இடம் பாருங்கள். தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் குழாயில் ஊசிமுனை அளவு துளையோ தளர்ந்த மூட்டோ இருந்தால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. உள்ளே காற்றை இழுக்கும், ஆவிக் கோளாறு போலவே நடிக்கும். இரண்டாவது, கேம் தண்டிலிருந்து பம்பைத் தள்ளும் கம்பி. பல்லாண்டு தேய்ந்து குட்டையானால் பம்பின் வீச்சு குறையும். சமவெளியில் சமாளித்த பம்ப் மலையில் தோற்கும். புதிய கம்பியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தேய்மானம் கண்ணுக்கே தெரியும். அந்தக் கம்பியின் விலை முழுப் பம்பின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

ஏற்றத்தில் தண்ணீர் கொதிக்கிறது

தட்டைத்தலை ஃபோர்டின் பிறவிக்குணம் இது. வெளியேறும் சூட்டுப்புகை பிளாக்கின் தண்ணீர் அறைகளுக்கு நடுவே புகுந்துதான் வெளியே போகிறது. ஆகவே தண்ணீர் கூடுதலாகவே சூடாகும். அதற்குமேல் மலைக் கணக்கு ஒன்றும் சேர்கிறது. அழுத்தமில்லாத மூடி போட்ட ரேடியேட்டரில் கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், 1,868 மீற்றர் உயர நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். எஞ்சின் சூடு கூடவில்லை, கொதிநிலை இறங்கிவந்திருக்கிறது. சூட்டுமானி 94 காட்டி மூடியில் ஆவி வந்தால் பதறவேண்டாம். மெதுவாக ஓட்டுங்கள், அவ்வளவுதான்.

மெதுவாக ஓட்டியும் கொதி அடங்கவில்லையென்றால் இனி வண்டியைச் சந்தேகிக்கலாம். இந்த எஞ்சினில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி தண்ணீர்ப் பம்ப், தனித்தனி மேல்குழாய். இந்த இரட்டை அமைப்பே நமக்குக் கிடைத்த இலவச மருத்துவர். இரு மேல்குழாய்களின் சூட்டையும் வெப்பமானியால் அளந்துபாருங்கள். ஒன்று கணிசமாகக் கூடியிருந்தால் அந்தப் பக்கத்துப் பம்ப், தெர்மோஸ்டாட், பிளாக்கின் உள்ளடைப்பு ஆகிய மூன்றில் ஒன்று. இரண்டும் ஒரேயளவு சூடென்றால் ரேடியேட்டர், தளர்ந்த பெல்ட், பிந்திய தீப்பொறி நேரம் ஆகியவற்றைத் தேடுங்கள்.

தலைக் கேஸ்கட் போய்விட்டதா என்று பார்க்கத் தலையைக் கழற்றவேண்டியதில்லை. எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டரை நிரப்பி, பம்புகள் சுற்றாதபடி பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். அரை நிமிடத்துக்குள் குமிழிகள் வரிசையாக மேலே வந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. உடனே நிறுத்திவிடுங்கள். குமிழி இல்லையென்றால் கேஸ்கட்டை விட்டுவிடுங்கள்.

கேஸ்கட் வாங்கும்போது ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும்: தலையைப் பிடித்திருக்கும் ஸ்டட் எத்தனை? 1938க்கு முந்தைய எஞ்சின்களில் ஒரு பக்கத்துக்கு 21, பிந்திய வகையில் 24. ஒன்றுக்கு மற்றது பொருந்தாது. இடையில் யாரோ எஞ்சின் மாற்றியிருக்கக்கூடும் என்பதால் வண்டியின் ஆண்டை நம்பாமல் ஸ்டட்டை நம்புங்கள்.

உள்ளடைப்பு என்றால் பெரும்பாலும் துருவும், வார்ப்பின்போதே உள்ளே தங்கிவிட்ட மணலும்தான். பம்புகளைக் கழற்றி, பிளாக்கின் இரு பக்கத்துத் தண்ணீர்க் குழாய்த் திருகுகளையும் எடுத்து, கம்பியால் குத்திக் கிளறி வாருங்கள். எஞ்சின் முழுதாகப் பிரிந்திருக்கும் காலத்தில் சீனித் தொழிற்சாலைக் கழிவுப்பாகை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வெறும் பிளாக்கை ஊறவைக்கலாம். மொனராகலைப் பக்கம் சீனித் தொழிற்சாலைகள் இருப்பதால் பதுளைக்காரர்களுக்கு இது எட்டாத சாமான் அல்ல. வாரக்கணக்கில் ஆகும், நாற்றமும் உண்டு, ஆனால் நல்ல இரும்பை அரிக்காமல் துருவை மட்டும் தின்னும். அலுமினியப் பாகம் எதையும் அதில் போடாதீர்கள்.

வழியில் கொதித்து நின்ற வண்டிக்கு ஓடைத் தண்ணீரை அப்படியே ஊற்றும் பழக்கத்தைக் கைவிடுங்கள். இந்த ஊரில் தண்ணீர் உறைந்து பிளாக் வெடிப்பதில்லை. சூடான இரும்பில் மலைத் தண்ணீர் பட்டுத்தான் வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடையில் கீறல் விழுகிறது. அப்படிக் கீறிய பிளாக்கைக் காப்பாற்றுவது பணத்தையும் பொறுமையையும் ஒருசேரக் குடிக்கும்.

கரும்புகை, இழுவை இல்லை

இது ஏறத்தாழ முழுக்க மலைதான். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்பரேட்டருக்கு அது தெரியாது. பழைய அளவிலேயே பெற்றோலை ஊற்றிக்கொண்டிருக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெல்வெட் போன்ற கறுப்பு. பிரதான ஜெட்டை, அதாவது பெற்றோல் பாயும் துளைத் திருகை, ஒரு அளவு சிறியதாக மாற்றுங்கள். பொதுவாக 600 மீற்றர் உயரத்துக்கு ஓர் அளவு என்பது பழைய கைக்கணக்கு. ஹட்டனில் இருந்து ஹட்டனிலேயே ஓட்டப்போகிறவருக்கு இரண்டு அளவு போதும். சமவெளிக்கு இறக்கினால் பழைய ஜெட்டை மறக்காமல் திரும்பப் போடவேண்டும். கலவை வறண்டால் வால்வு கருகும்.

ஜெட் மாற்றியதும் 85 குதிரைவலு திரும்பி வராது. மேலே 70ஐ எட்டினாலே எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள். மற்றபடி நம் நிலையங்களில் கிடைக்கும் ஒக்டேன் 92 பெற்றோலே இதற்குத் தாராளம். அமுக்கம் குறைந்த எஞ்சினுக்கு 95 ஊற்றுவது பணத்தைப் புகையாக்குவது.

அசல் பாகம் என்பதைக் கண்டுகொள்வது

செயின் பக்கம் போகுமுன் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் செலவு முழுவதும் அங்கேதான். செயின் கண்ணியையோ வேறு இரும்புப் பாகத்தையோ கம்பித் தூரிகையால் பொறுமையாகத் தேய்த்து, பெயிண்ட் அடுக்குகளுக்கு அடியில் முத்திரையைத் தேடுங்கள். வெறும் அகன்ற அம்பு என்றால் பிரிட்டிஷ் இராணுவம். ஆங்கிலச் சி எழுத்துக்குள் அம்பு என்றால் கனடா. இரண்டு டி எழுத்துக்களுக்கு நடுவே அம்பு என்றால் அவுஸ்திரேலியா. 1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைக்கு வந்ததும், இது அங்கே நின்ற வண்டி என்று கதை சொல்ல எல்லாருக்கும் ஆசை. அம்பு எந்த நாட்டு இராணுவத்துக்குரியது என்பதை மட்டுமே சொல்லும், எங்கே நின்றது என்பதைச் சொல்லாது. ஒரே வண்டியில் இரு நாட்டு முத்திரை இருந்தாலும் போலி என்று முடிவுகட்டாதீர்கள். போர்க்களப் பட்டறைகளில் கைக்குக் கிடைத்ததைப் பூட்டித்தான் வண்டியை ஓட்டினார்கள்.

கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் கரியருக்கென்று ஒன்றும் தொங்காது. ஆனால் பேரிங் கழற்றும்போது அதன் விளிம்பில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கூம்பு ரோலர் பேரிங் பலவற்றின் எண்கள் இன்றும் மாறவில்லை. அந்த எண்ணைச் சொன்னால் கடைக்காரர் அலுமாரியிலிருந்து எடுத்துத் தருவார்.

நேராக ஓட்டினாலும் ஒரு பக்கமாக இழுக்கிறது

நம் தெருக்கள் மழைநீர் ஓடக் கான் பக்கம் சரிந்திருப்பவை. ஆகவே முதல் சோதனை: போன பாதையிலேயே, அதே தடத்தில் எதிர்த்திசையில் திரும்பி வாருங்கள். போகும்போதும் வரும்போதும் இடப்பக்கமே இழுத்தால் வண்டியில் குறை. போகும்போது இடமும் வரும்போது வலமும் இழுத்தால் தெரு.

வண்டிதான் என்றால் பின் டிரம்கள் இரண்டையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று கைவைக்க முடியாத சூடென்றால் அந்தப் பக்கத்துப் பிரேக் விடவில்லை. சூடு சமமென்றால் செயினின் இறுக்கத்தை ஒப்பிடுங்கள், பிறகு கண்ணிகளை எண்ணுங்கள். ஒரு பக்கம் ஒரு கண்ணி கூட இருந்த வண்டிகள் உண்டு. தேய்ந்த செயினைச் சுருக்க யாரோ ஒரு பக்கம் மட்டும் கண்ணி எடுத்திருப்பார்கள்.

ஸ்டியரிங் இறுகியிருக்கிறது

இந்த வண்டியின் தனிச்சிறப்பு இதுதான். ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பினால் முன் தாங்குசக்கரங்களைச் சுமக்கும் குறுக்குக்குழாய் பக்கவாட்டில் நகர்ந்து, செயினையே வளைத்து, வண்டியை மெல்லத் திருப்பும். இன்னும் திருப்பினால் உட்பக்கச் செயினுக்குப் பிரேக் விழும். மாதக்கணக்கில் ஈரத்தில் நின்ற வண்டியில் அந்தக் குழாய் துருப்பிடித்து உறைந்துவிடும். அப்போது மெல்லத் திரும்பும் பகுதி செத்துப்போய், எடுத்த எடுப்பில் பிரேக் பிடித்து வண்டி வெடுக்கென்று திரும்பும். சுத்தியலால் அடிக்காதீர்கள். முன்பகுதியை ஜாக்கில் தூக்கி, கட்டைகளில் இருத்தி, துருநீக்கி எண்ணெய் விட்டு, ஸ்டியரிங்கை இருபுறமும் சிறிது சிறிதாக அசைத்தபடி நாளைக்கும் நாளன்றைக்கும் தொடருங்கள். விட்டுக்கொடுத்ததும் கிரீஸ் நிப்பிள் அனைத்திலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள்.

செயின் கழன்று விழுகிறது

எங்கே கழன்றது என்பதே பாதி விடை. கழன்ற வண்டியை உடனே இழுக்கவேண்டாம். கீழே படுத்துப் பாருங்கள். செயினைத் திருப்பிவிடும் முன்சக்கரமான ஐட்லரில் கழன்றிருந்தால் இறுக்கம் போதாது, அல்லது ஐட்லர் சாய்ந்திருக்கிறது. பின் பல்சக்கரத்தில் என்றால் பற்கள் தேய்ந்து கொக்கி போல வளைந்திருக்கும், அல்லது மண் அடைத்திருக்கும். நடுவில் என்றால் தாங்குசக்கரத்தின் ரப்பரையும் புஷ்ஷையும் பாருங்கள்.

தேயிலை மலையின் செம்மண் மழையில் களிம்பாகிப் பற்களுக்கிடையே அடைந்து, காய்ந்ததும் சீமெந்து ஆகிவிடும். அந்த மண்ணின்மேல் செயின் ஏறும்போது இறுக்கம் ஏறிக் கண்ணி உடைகிறது. ஓட்டி முடித்த அன்றே கம்பியால் குத்தி எடுங்கள். செயின் பின்களுக்குக் கிரீஸ் போடச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். அவை உலர்ந்தே ஓடவேண்டியவை. கிரீஸ் மணலைப் பிடித்துவைத்து அரத்தைப்போல் பின்னைத் தின்னும்.

தேய்மானம் அளக்கப் பத்துக் கண்ணிகளை இழுத்துப் பிடித்துப் பின்னிலிருந்து பின்னுக்கு அளவு நாடா வையுங்கள். தேயாத கண்ணிகள் பத்தோடு ஒப்பிட்டால் நீட்சி தெரியும். நீண்ட செயினில் நடுநடுவே புதுக் கண்ணி கோர்த்துவிடலாம் என்று தோன்றும். கூடாது. புதியதன் நீளம் வேறு, பழையதன் நீளம் வேறு. பல்சக்கரத்தில் சுமை முழுவதும் ஒரே கண்ணியின்மேல் விழும். செயினும் பல்சக்கரமும் சேர்ந்தே மாறவேண்டும். காசு போதவில்லையென்றால் சேர்ந்தே காத்திருக்கட்டும்.

ஒவ்வொரு கண்ணியையும் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். நல்லது மணிபோல் நீள ஒலிக்கும். கீறியது சட்டென்று மங்கிவிடும். சந்தேகமிருந்தால் சாயமூட்டிப் பாருங்கள், தலைமுடி அளவு கீறலும் சிவப்பாக எழும். கீறிய வார்ப்புக் கண்ணிக்கு வெல்டிங் பிடித்து மாட்டுவது இறக்கத்தில் செயினை அறுத்துவிட ஏற்பாடு செய்வதற்குச் சமம். அதைப் பார்வைக்கு வையுங்கள், ஓட்டத்துக்கு வேண்டாம்.

தாங்குசக்கரத்தின் ரப்பர் மட்டும் நம் நாட்டுக்காரர்களுக்குக் கவலையில்லாத விடயம். உலகத்தின் பெரிய திட டயர் உற்பத்தி நாடுகளில் இலங்கையும் ஒன்று. அசல் இரும்புச் சக்கரத்தைக் கொடுத்து அதன்மேல் புது ரப்பர் ஒட்டித்தரச் சொல்லலாம். கடல் கடந்து போகவேண்டியதில்லை. இரும்பை மணல் வீசிச் சுத்தம் செய்து, துரு திரும்புமுன் அன்றே ஒப்படைக்கவேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் உரிந்துவரும்.

வண்டியின் உள்தரையில் எப்போதும் தண்ணீர்

அடித்தட்டின் வடிகால் அடைப்புகளைத் திறந்தே நிறுத்திவையுங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தார்ப்பாய் போட்டாலும் காற்றோட்டம் இல்லையென்றால் தட்டுகள் சேருமிடத்தில் உள்ளிருந்தே துரு வளரும்.

இறக்கத்தில் பிரேக் தளர்கிறது

றம்பொடை இறக்கம் போன்ற இடத்தில் இந்த அறிகுறி கண்டால் வண்டியை அப்போதே ஓரங்கட்டுங்கள். நிறுத்துவதும் கூர்மையாகத் திருப்புவதும் அதே டிரம்கள்தான். பிரேக் போனால் வளைவில் திருப்பமும் போய்விடும். ஏறிய கியரிலேயே இறங்குவது பழைய லொறிக்காரர்களின் சட்டம், இதற்கும் அதுவே. டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிரஸரால் ஊதாதீர்கள், தூரிகையால் உலர்வாகத் தட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து, முகக்கவசம் கட்டி, ஈரத்துணியால் துடைத்துத் துணியைப் பையில் கட்டிவிடுங்கள். லைனிங்கில் எண்ணெய் ஊறியிருந்தால் அச்சுச் சீல் போயிருக்கிறது. சீலை மாற்றாமல் லைனிங்கை மட்டும் மாற்றினால் அடுத்த இறக்கத்திலும் இதே கதைதான். இரு பக்கமும் ஒரே நாளில், ஒரே சரக்கால் மாற்றுங்கள். மாற்றியபின் முதல் ஓட்டம் சமதரை மைதானத்தில் நடக்கட்டும், மலைச்சரிவில் அல்ல.